டிகேட்1, டிகேட்2 இன்ஹிபிட்டர் ஜோடி: வாங்குனா ரெண்டையும் சேர்த்தே வாங்குங்க

செல்லுக்குள்ள கொழுப்பு எப்படி உருவாகுது, எப்படி துளித்துளியா சேருதுன்னு வேலை பாக்கற லேப் ஆளுங்களுக்காக இதை எழுதறேன். பிஎஃப்-04620110, பிஎஃப்-06424439னு ரெண்டு பவுடர் இருக்கு, முதல்ல சொன்னது டிகேட்1 என்சைமை அடக்கும், ரெண்டாவது டிகேட்2வை அடக்கும். டிகேட்ங்கறது சேமிப்பு கொழுப்பான ட்ரைகிளிசரைடை செஞ்சு முடிக்கற என்சைம், இன்ஹிபிட்டர்னா அதை அடைக்கற மாலிக்யூல். ரெண்டுமே ஃபைசர்ல மருந்து ஆராய்ச்சிக்காக உருவாக்கின மாலிக்யூல், இப்போ ரிசர்ச் கெமிக்கல் விக்கற நிறைய பேர்கிட்ட கிடைக்குது. நான் ரொம்ப நாளா இந்த ரெண்டையும் வச்சு வேலை பாத்துட்டு இருக்கேன், கல்லீரல் செல், கொழுப்பு செல், சும்மா பிளேட்ல வளர்க்கற சாதாரண செல்னு எல்லாத்துலயும் போட்டு பாத்தாச்சு. என் மார்க் என்னன்னா ஜோடியா வாங்குனா 5க்கு 4.5, ஒண்ணே ஒண்ணு மட்டும் வாங்குனா 5க்கு 2. ஏன் இவ்ளோ வித்தியாசம்னு புரியணும்னா இந்த என்சைம் எங்க நிக்குதுன்னு கொஞ்சம் பாக்கணும்.

செல் ட்ரைகிளிசரைடு செய்யற வழியை நம்ம எல்லாரும் கென்னடி பாத்வேன்னு படிச்சிருப்போம். கிளிசரால் ஃபாஸ்பேட்ல ஒரு கொழுப்பு அமிலம் ஏறும், அப்புறம் இன்னொண்ணு ஏறும், அப்புறம் ஃபாஸ்பேட் கழண்டு டையாசில்கிளிசரால் ஆகும், கடைசியா மூணாவது கொழுப்பு அமிலத்தை கோஏங்கற சுமந்து வர்ற மாலிக்யூல்கிட்டேர்ந்து எடுத்து அதுல ஒட்டறது தான் டிகேட். அந்த கடைசி ஸ்டெப் வரைக்கும் வர்ற சாமான் எல்லாம் மெம்பிரேனுக்கு வேண்டிய ஃபாஸ்போலிப்பிட் செய்யறதுக்கும் போகும், அதாவது பாதி வழி ரெண்டு வேலைக்கும் பொது. டிகேட் தொட்ட அப்புறம் தான் அது சேமிப்பு கொழுப்புன்னு முடிவாகுது. இதனால தான் இந்த இடத்துல அடைக்கறது எனக்கு ரொம்ப பிடிக்கும், சேமிப்பு நிக்கும், மெம்பிரேன் வேலை ஓடிட்டே இருக்கும். முன்னாடி நிறைய பேர் ட்ரையாக்சின் சி யூஸ் பண்ணுவாங்க, இப்பவும் பண்றாங்க, ஆனா அது கொழுப்பு அமிலத்தை கோஏ கூட சேர்க்கற இடத்துலயே கை வைக்குது, அப்ப துளியும் வராது, ஃபாஸ்போலிப்பிட்டும் அடி வாங்கும், கொழுப்பு அமிலத்தை எரிக்கறதும் அடி வாங்கும், ரிசல்ட் வந்தா எதனால வந்துச்சுன்னு உங்களால சொல்லவே முடியாது. அதைவிட இந்த ஜோடி எவ்வளவோ சுத்தம்.

இப்போ விஷயத்துக்கு வரேன். ஒரே வேலைக்கு ரெண்டு என்சைம் இருக்குன்னா அண்ணன் தம்பி மாதிரி ஒரே குடும்பம்னு நினைக்க தோணும், அப்படி இல்ல. டிகேட்1 ஜீன் 1998ல வெளிய வந்துச்சு, டிகேட்2 2001ல. முதலாவது எம்போட் குடும்பம், கொலஸ்ட்ராலை எஸ்டராக்கற ஏகாட் என்சைம்களுக்கு சொந்தம், மனுஷங்கள்ல 488 அமினோ அமிலம். ரெண்டாவதுக்கு 388 தான், அதோட குடும்பமே வேற, மோனோஅசைல்கிளிசராலை கையாளற எம்காட் பக்கத்து உறவு. சீக்வென்ஸை பக்கத்துல பக்கத்துல வச்சு பாத்தா ஒட்டும் இல்ல உறவும் இல்ல. 2020ல மனுஷ டிகேட்1ஓட அமைப்பை கிரையோ-ஈஎம்ல (உறைய வச்சு எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்ல பாக்கற முறை) பாத்துட்டாங்க, ரெண்டு ரெண்டா ஜோடி சேர்ந்து நிக்குது, ஒவ்வொண்ணும் மெம்பிரேனை ஒன்பது தடவை குறுக்க கடக்குது, வேலை செய்யற இடம் மெம்பிரேனுக்கு உள்ளயே ஒரு குகை மாதிரி, அங்க 415வது இடத்துல இருக்கற ஹிஸ்டிடின் தான் முக்கியமான ஆள். இதை ஏன் சொல்றேன்னா, இவ்ளோ வேற வேற அமைப்பு இருக்கறதால தான் ஒண்ணை மட்டும் தொடற, இன்னொண்ணை தொடாத மாலிக்யூல் செய்ய முடிஞ்சுது. விக்கறவங்க போடற நம்பர்ல 04620110க்கு ஐசி50 (என்சைம் வேலையை பாதியா குறைக்க வேண்டிய அளவு) 19 நானோமோலார், 06424439க்கு 14 நானோமோலார். ரெண்டும் நல்ல கூர்மை.

ரெண்டு என்சைமும் வேலையை பிரிச்சுக்குதுங்க, அது ஓரளவுக்கு தெளிவா இருக்கு. வெளியேர்ந்து நீங்க மீடியத்துல ஊத்தற கொழுப்பு அமிலத்தையும், துளி உடைஞ்சு வெளிய வர்றதையும் திரும்ப கட்டறதுல டிகேட்1 கை ஓங்கி இருக்கு. செல் தானே சர்க்கரையிலேர்ந்து புதுசா செய்யற கொழுப்பு அமிலத்தை எடுத்துக்கறதுல டிகேட்2 முன்னாடி. இடமும் வேற, டிகேட்1 எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலத்தை விட்டு நகராது, டிகேட்2 அங்கயும் இருக்கும், ஒலியேட்ங்கற கொழுப்பு அமிலத்தை குடுத்து துளிங்க வளர ஆரம்பிச்சா அந்த துளி மேலயே போய் உக்காந்து அங்கயே கொழுப்பை செஞ்சு துளியை பெருக்கும். கேக்க ரொம்ப நேர்த்தியான பங்கீடு. ஆனா செல் அதை சட்டமா பின்பற்றாது. ஒண்ணை அடைச்சா இன்னொண்ணு கிட்டத்தட்ட மொத்த வேலையையும் தூக்கி சுமக்கும், நிறைய செல்ல அப்படித்தான்.

இதை கண்ணால பாக்கணும்னா ஒரு கவர்ஸ்லிப் பிளேட் போதும். செல்லுக்கு பிஎஸ்ஏங்கற புரோட்டீன் கூட கட்டின ஒலியேட் குடுத்து ராத்திரி முழுக்க விட்டு, காலையில ஃபிக்ஸ் பண்ணி பாடிபி 493/503ங்கற கொழுப்பு சாயம் போட்டு கான்ஃபோகல் மைக்ராஸ்கோப்ல வைங்க. எதுவும் அடைக்காத கண்ட்ரோல்ல நியூக்ளியஸை சுத்தி பச்சை துளிங்க நெருக்கி அடிச்சு நிக்கும், சிலது பெருசு, சிலது புள்ளி. டிகேட்1 இன்ஹிபிட்டர் மட்டும் போட்டதுல துளி இருக்கும், கொஞ்சம் எண்ணிக்கை குறைஞ்ச மாதிரி இருக்கும், சில செல் லைன்ல அந்த வித்தியாசம் கூட எண்ணி பாத்தா தான் தெரியும். டிகேட்2 மட்டும் போட்டதுலயும் துளி இருக்கும், பெருசா வளர்ற துளிங்க தான் குறையும். ரெண்டும் சேர்த்து போட்ட கிணத்தை (பிளேட்ல இருக்கற குழி) ஃபோகஸ் பண்ணும்போது முதல்ல செல்லே இல்லையோன்னு தோணும், அப்புறம் கெயினை ஏத்துனா சைட்டோபிளாசம் முழுக்க லேசான பச்சை மூட்டம், வலை மாதிரி மெம்பிரேன், துளி மட்டும் காணோம். அந்த நாலு படத்தையும் ஒரே செட்டிங்ல எடுத்து பக்கத்துல பக்கத்துல வச்சா, ஒண்ணு மட்டும் வாங்காதீங்கன்னு நான் சொல்றது ஏன்னு புரியும். ஒண்ணு மட்டும் போட்டு "டிகேட்டை அடைச்சும் ஒண்ணும் ஆகல, அதனால என் புரோட்டீனுக்கும் ட்ரைகிளிசரைடுக்கும் சம்பந்தம் இல்ல"ன்னு எழுதிட்டு போறவங்களை பாக்கும்போது மனசு கஷ்டமா இருக்கு, பாவம் அவங்க உழைப்பு அவ்வளவும் தப்பான முடிவுக்கு போயிடுது.

படத்தோட நிறுத்தாம டிஎல்சியும் (லிப்பிட்டை பிளேட்ல வகைவகையா பிரிக்கற முறை) ஓட்டுங்கன்னு சொல்வேன். குளோரோஃபார்ம் மெத்தனால் 2:1ல லிப்பிட்டை எடுத்து, ஹெக்சேன், டைஎத்தில் ஈதர், அசிட்டிக் ஆசிட் 80:20:1ல பிளேட்டை ஏத்துனா மேல கொலஸ்ட்ரால் எஸ்டர், அதுக்கு கீழ ட்ரைகிளிசரைடு, அப்புறம் ஃப்ரீ ஃபேட்டி ஆசிட், அதுக்கும் கீழ கொலஸ்ட்ராலும் டையாசில்கிளிசராலும், ஃபாஸ்போலிப்பிட் எல்லாம் தொடங்குன கோட்டுலயே நிக்கும். அயோடின் ஆவியில வச்சு எடுத்தா ஜோடி இன்ஹிபிட்டர் போட்ட லேன்ல ட்ரைகிளிசரைடு புள்ளி அப்படியே மங்கி போயிருக்கும், மத்த புள்ளி எல்லாம் இருக்கும். டிகேட்டை அடைச்சோம், வேற எதையும் பெருசா கெடுக்கலன்னு ஒரே பிளேட்ல சொல்லிடலாம். ட்ரைகிளிசரைடு கிட் மட்டும் நம்பறவங்களுக்கு ஒரு வார்த்தை, அந்த கிட் பெரும்பாலும் லிப்பேஸ் போட்டு கொழுப்பை உடைச்சு அதுலேர்ந்து வர்ற கிளிசராலை தான் அளக்குது, செல்லுல ஏற்கனவே சும்மா கிடக்கற கிளிசராலும் சேர்ந்து வரும், அதனால லிப்பேஸ் போடாத ஒரு பிளாங்க் கண்டிப்பா வைங்க, இல்லைன்னா ஜோடி இன்ஹிபிட்டர் போட்டும் ஏதோ மிச்சம் இருக்கற மாதிரி காட்டும்.

இப்போ பவுடரை பத்தி. ரெண்டும் டிஎம்எஸ்ஓங்கற கரைப்பான்ல நல்லா கரையுது. நான் 10 மில்லிமோலார் ஸ்டாக் போட்டு சின்ன சின்ன டியூப்ல பிரிச்சு ஃப்ரீசர்ல வச்சுக்கறேன், ஒரு டியூபை எடுத்தா அதோட முடிச்சுடணும், திரும்ப திரும்ப உருக்கி உறைய வச்சா டிஎம்எஸ்ஓ ஈரத்தை இழுக்கும், ஸ்டாக் நீர்த்து போகும். பிளேட்ல 5லேர்ந்து 10 மைக்ரோமோலார் போதும். ஐசி50 நானோமோலார்ல இருக்கே எதுக்கு இவ்ளோன்னு கேப்பாங்க, மீடியத்துல பிஎஸ்ஏயும் சீரமும் இருக்கும்போது மாலிக்யூல்ல ஒரு பகுதி அதுல ஒட்டிக்கும், டியூப்ல சுத்தமான என்சைம் வச்சு அளந்த நம்பர் செல்லுக்கு அப்படியே ஒத்து வராது. உங்க செல்லுக்கு ஒரு டோஸ் வரிசை ஓட்டி எங்க துளி நிக்குதுன்னு நீங்களே பாத்துக்கறது தான் நல்லது. அதோட ஒரு சின்ன கணக்கு, ஒவ்வொண்ணும் ஆயிரத்துக்கு ஒண்ணுன்னு போட்டா 0.1 சதவீதம் டிஎம்எஸ்ஓ, ரெண்டும் சேர்த்தா 0.2 சதவீதம், அப்போ கண்ட்ரோல் கிணத்துலயும் ஒத்தை இன்ஹிபிட்டர் கிணத்துலயும் 0.2க்கு நிரப்பணும். நிறைய பேர் இதை விட்டுடறாங்க.

டிகேட்2 பவுடர்ல ஒரு குணம் இருக்கு, அது தெரிஞ்சா தான் ரிசல்ட் ஒழுங்கா வரும். 06424439 என்சைமை மெதுவா பிடிக்கும், பிடிச்சா மெதுவா தான் விடும். அதனால ஒலியேட் ஊத்தற அதே நேரத்துல இன்ஹிபிட்டரையும் ஊத்தாதீங்க, அரை மணியாவது ஒரு மணி நேரமாவது முன்னாடியே போட்டு வைங்க, இல்லைன்னா முதல் கொஞ்ச நேரத்துல துளி கட்டிடும், அப்புறம் அது போகவே போகாது. இதே குணத்தால கழுவி எடுக்கற எக்ஸ்பெரிமென்ட்ல சிக்கல், அடைப்பை எடுத்துட்டு துளி எப்படி திரும்ப பிறக்குதுன்னு லைவா பாக்கணும்னு ஆசைப்படறவங்க ரெண்டும் ஒரே வேகத்துல கழண்டு வரும்னு கணக்கு போடாதீங்க, டிகேட்2 பக்கம் அடைப்பு நீண்ட நேரம் தங்கும், நீங்க பாக்கற முதல் துளிங்க டிகேட்1 கட்டுனதா இருக்க வாய்ப்பு அதிகம். தெரிஞ்சே பண்ணினா இது ரொம்ப அழகான எக்ஸ்பெரிமென்ட் கூட.

இந்த ஜோடி செய்யாததையும் சொல்லணும். ஏற்கனவே இருக்கற துளியை இது கரைக்காது, புதுசா கட்டறதை தான் தடுக்கும். பழைய துளி போகணும்னா செல் அதை உடைச்சு எரிக்கணும், அதுக்கு நேரம் ஆகும். அதனால ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி கொழுப்பு நீக்கின சீரத்துல ஒரு ராத்திரி வச்சு பழைய கையிருப்பை குறைச்சுட்டு அப்புறம் இன்ஹிபிட்டர் போடுங்க. அதுக்கு மேலயும் அங்கங்க ஒண்ணு ரெண்டு புள்ளி தெரிஞ்சா பவுடர் போலின்னு விக்கறவங்களை திட்ட கிளம்பிடாதீங்க, கொலஸ்ட்ரால் எஸ்டர் துளி ஏகாட் வழியா வரும், அதை இந்த ஜோடி தொடாது, பாடிபி சாயத்துக்கு ட்ரைகிளிசரைடு எது கொலஸ்ட்ரால் எஸ்டர் எதுன்னு தெரியாது, ரெண்டையும் பச்சையா தான் காட்டும். இதுக்கு மேல 2023ல இன்னொரு வழியும் வெளிய வந்துச்சு, டிஎம்இஎம்68ங்கற புரோட்டீன், டீசல்னு பேர் வச்சிருக்காங்க, டிகேட் ரெண்டும் இல்லாமலே கொஞ்சம் ட்ரைகிளிசரைடு செய்யுது. சாதாரணமா அதை இன்னொரு புரோட்டீன் கட்டுப்படுத்தி வச்சிருக்கு, அதனால நம்ம தினசரி வேலைக்கு பெரிய தொந்தரவு இல்ல, ஆனா "டிகேட் அடைச்சா ட்ரைகிளிசரைடு சுழி"ன்னு பேப்பர்ல எழுதறதுக்கு முன்னாடி நினைவு வச்சுக்கோங்க.

சாயத்தை பத்தி பேச ஆரம்பிச்சதால இதையும் சொல்லிடறேன், ரிவியூவுக்கு வெளிய தான், ஆனா இந்த ஜோடியை வாங்கறவங்க எல்லாரும் சாயத்தையும் சேர்த்து தான் வாங்குவீங்க. ஆன்டிபாடி கூட சேர்த்து பாக்கணும்னா ட்ரைட்டான் வேண்டாம், துளி கலைஞ்சு போகும், சப்போனின் போடுங்க. மெத்தனால்ல ஃபிக்ஸ் பண்ணவே பண்ணாதீங்க. பாடிபி 493/503 வெளிச்சம் பட்டா சிவப்பு பக்கமும் ஒளிர ஆரம்பிக்கும், அதனால சிவப்பு சேனலை முதல்ல எடுத்துட்டு அப்புறம் பச்சையை எடுங்க, தலைகீழா எடுத்தா உங்க புரோட்டீன் துளி மேல போய் உக்காந்த மாதிரி பொய்யா தெரியும்.

செல்லோட உயிருக்கு என்ன ஆகும்னு கேக்கறவங்களுக்கு, இது என்ன கொழுப்பு அமிலம் குடுக்கறீங்கங்கறதை பொறுத்தது. ஒலியேட் கூட ஓரளவுக்கு தாங்கும். பால்மிட்டேட்ங்கற நிறைவுற்ற கொழுப்பு அமிலத்தை குடுத்துட்டு ஜோடியையும் போட்டீங்கன்னா செல் சீக்கிரமே சோர்ந்து உருண்டு மிதக்க ஆரம்பிக்கும். ட்ரைகிளிசரைடா மாத்தி துளிக்குள்ள பூட்டி வைக்கறது செல்லுக்கு ஒரு பாதுகாப்பு, அந்த கதவை நாம சாத்திட்டா நிறைவுற்ற கொழுப்பு அமிலம் போக இடம் இல்லாம எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலத்துலயே தேங்கி அங்க ஸ்ட்ரெஸ் ஏறும். பட்டினி போட்ட செல்லுலயும் இதே கதை, ஆட்டோஃபேஜில, அதாவது செல் தன் பாகத்தையே ஜீரணிக்கும்போது, வெளிய வர்ற கொழுப்பு அமிலத்தை டிகேட்1 பிடிச்சு துளியில போடறதால தான் மைட்டோகாண்ட்ரியா தப்பிக்குது, அதை அடைச்சா மைட்டோகாண்ட்ரியா அடி வாங்கும். எனக்கு இந்த என்சைம் மேல இவ்ளோ ஈடுபாடு வந்ததே இதனால தான். கொழுப்பு சேர்றதுன்னாலே கெட்டதுன்னு வெளிய எல்லாரும் பேசறாங்க, உள்ள போய் பாத்தா அந்த சேமிப்பு தான் செல்லை காப்பாத்திட்டு இருக்கு. ஆக இந்த ஜோடியை போட்டு செல் செத்தா அது பவுடரோட விஷம்னு உடனே முடிவு பண்ணாதீங்க, கொழுப்பு அமிலம் குடுக்காத கிணத்துலயும் அதே டோஸ் போட்டு பாருங்க, அங்க செல் நல்லா இருந்தா காரணம் தேங்குன கொழுப்பு அமிலம் தான்.

மத்த சாய்ஸும் இருக்கு. டிகேட்1க்கு ஏ-922500 எனக்கு பிடிச்ச இன்னொண்ணு, மனுஷ என்சைமுக்கு ஐசி50 7 நானோமோலார், எலி என்சைமுக்கு 24, அதாவது எலி செல்லுக்கு கொஞ்சம் கூடுதலா வேணும். டி863யும் பரவலா யூஸ் ஆகுது, அது அசைல்-கோஏ வந்து பிடிக்கற இடத்துல போட்டி போடுது. வேற வேற அமைப்புள்ள ரெண்டு டிகேட்1 இன்ஹிபிட்டர்ல ஒரே ரிசல்ட் வந்தா ரிவ்யூவர் வாயை திறக்க மாட்டாரு, அதனால முடிஞ்சா ரெண்டாவது ஒண்ணும் வச்சுக்கோங்க. டிகேட்2 பக்கம் அந்த வசதி குறைவு. நியாசின் டிகேட்2வை அடைக்கும்னு படிச்சுட்டு அதை வச்சு ஓட்டிடலாம்னு நினைக்காதீங்க, அதுக்கு ரொம்ப அதிக டோஸ் வேணும், செல்லுல வேற பல வேலையும் பண்ணும். இன்னொண்ணு, விட்டமின் ஏ சம்பந்தமா வேலை பாக்கறவங்க டிகேட்1க்கு ரெட்டினோலை (விட்டமின் ஏ) எஸ்டராக்கற திறமையும் இருக்குன்னு கணக்குல எடுத்துக்கணும், கல்லீரல் ஸ்டெல்லேட் செல் வச்சிருக்கறவங்க முக்கியமா.

இன்ஹிபிட்டருக்கு பதிலா ஆன்டிபாடி வாங்கி அளவு பாக்கலாமேன்னு ஒருத்தர் கேட்டாரு. டிகேட்2 ஆன்டிபாடி விஷயத்துல எனக்கு ரொம்ப கசப்பான அனுபவம். பேர் சொல்லல, ஒரு பெரிய கேட்டலாக்லேர்ந்து வாங்கின டியூப், சரியான எடையில அழகா பேண்ட் வந்துச்சு, டிகேட்2 ஜீனை நீக்கின நாக்அவுட் செல்லுலயும் அதே எடையில அதே பேண்ட் அதே அழகோட வந்துச்சு. கேட்டா டேட்டாஷீட் படத்தை திருப்பி அனுப்புனாங்க, அதுல நாக்அவுட் கண்ட்ரோலே இல்ல. மெம்பிரேனுக்குள்ள புதைஞ்ச புரோட்டீன்னு வரும்போது நாக்அவுட் காட்டாத ஆன்டிபாடியை தொடவே தொடாதீங்க, சாம்பிளை கொதிக்க வைக்காம 37 டிகிரில சூடு பண்ணி ஓட்டுங்க, கொதிச்சா கட்டி பிடிச்சு கிணத்துலயே நின்னுடும். என்சைம் இருக்கா இல்லையாங்கறதைவிட வேலை செய்யுதா இல்லையான்னு கேக்கற இன்ஹிபிட்டர் வழி எனக்கு நம்பிக்கையா இருக்கு.

எலி வேலைக்கு போறவங்க கொஞ்சம் நிதானமா போங்க. செல்லுல சமமா தெரியற ரெண்டும் உடம்புல சமம் இல்ல. டிகேட்1 இல்லாத எலி உயிரோட நல்லா வளரும், ஒல்லியா இருக்கும், கொழுப்பான தீனி போட்டாலும் பருக்காது, ஆனா தாய் எலிக்கு பால் சுரக்காது. டிகேட்2 இல்லாத குட்டி பிறந்த கொஞ்ச நேரத்துலயே செத்துடும், உடம்புல கொழுப்பு ரொம்ப ரொம்ப கம்மி, தோல் தண்ணியை பிடிச்சு வைக்க முடியாம வறண்டு போகும். ஒரே ரியாக்ஷனை செய்யற ரெண்டு என்சைம், ஒண்ணு போனா ஒல்லி, இன்னொண்ணு போனா உயிரே இல்ல, இதை முதல்ல படிச்சப்போ எனக்கு தூக்கமே வரல. அதே மாதிரி எலி குடல்ல டிகேட்2வும் கை குடுக்கும், மனுஷ குடல்ல டிகேட்1 தான் பிரதானம், அதனால எலியில கிடைச்சதை மனுஷனுக்கு அப்படியே தூக்கி வைக்க முடியாது.

இதை இன்னொரு காரணத்துக்காகவும் அழுத்தி சொல்றேன். "கொழுப்பு சேர்றதை தடுக்கும்"னு லேபிள் விளக்கத்தை பாத்துட்டு, உடம்பு குறைக்க சாப்பிடலாமான்னு கேக்கறவங்க இருக்காங்க. தயவு செஞ்சு வேண்டாம். இது ரிசர்ச் பவுடர், மனுஷங்களுக்கானது இல்ல. டிகேட்1 ஜீன் பிறவியிலேயே கெட்டுப்போன குழந்தைங்க இருக்காங்க, 2012ல அது முதல்ல பதிவாச்சு, பிறந்த கொஞ்ச நாள்லேர்ந்தே கடுமையான வயித்துப்போக்கு, புரோட்டீன் குடல் வழியா வெளிய போறதுன்னு ரொம்ப கஷ்டம். டிகேட்1 இன்ஹிபிட்டரை மருந்தா மனுஷங்கள்ல பாத்தப்பவும் இதே தான் தலைவலி, ஏஇசட்டி7687னு ஒண்ணை டிரையல் பண்ணாங்க, குமட்டலும் வயித்துப்போக்கும் டோஸ் ஏற ஏற ஏறிச்சு, சாப்பாட்டுல கொழுப்பு கூடுனா அதுவும் கூடுச்சு. அதுக்கப்புறம் மருந்து கம்பெனிங்களோட கவனம் டிகேட்2 பக்கம் திரும்புச்சு, எர்வோகாஸ்டாட்னு ஒரு டிகேட்2 இன்ஹிபிட்டரை கொழுப்பு கல்லீரல் நோய்க்கு டிரையல்ல பாத்தாங்க, கொழுப்பு அமிலத்தை புதுசா செய்யறதுக்கு வேண்டிய ஏசிசி என்சைமை அடைக்கற மருந்து கூடயும் சேர்த்து பாத்தாங்க, ஏன்னா ஏசிசியை மட்டும் அடைச்சா ரத்தத்துல ட்ரைகிளிசரைடு ஏறுது, டிகேட்2 அடைப்பு அதை கட்டுப்படுத்துது. அதெல்லாம் டாக்டர் மேற்பார்வையில நடக்கற வேலை, அந்த இடத்துக்கு நம்ம ஃப்ரீசர்ல இருக்கற டியூப் போகக்கூடாது.

அரை மார்க் ஏன் குறைச்சேன்னா பேக்கிங். எனக்கு வந்த ஒரு குப்பியில பவுடர் கண்ணுக்கே தெரியல, கண்ணாடி சுவத்துல மெல்லிசா படிஞ்சு இருந்துச்சு, மூடியிலயும் கொஞ்சம் ஒட்டி இருந்துச்சு. எடை போட்டு எடுக்கவே முடியாது, அதனால குப்பியை முதல்ல சின்ன சென்ட்ரிஃப்யூஜ்ல ஒரு சுத்து சுத்திட்டு, மூடியை திறந்து, டிஎம்எஸ்ஓவை நேரா குப்பிக்குள்ளயே ஊத்தி சுவத்தை எல்லாம் நனைச்சு கரைச்சுக்கோங்க. இதைவிட பெரிய குறை சால்ட் விஷயம். 06424439 பெரும்பாலும் மெத்தேன்சல்ஃபோனேட் சால்ட்டா தான் வருது, அந்த ஆசிட் பாகத்துக்கு மட்டுமே மாலிக்யூல் எடையில 96 போகும். நான் வாங்கின இடத்துல குப்பி மேல சால்ட்னு போட்டுட்டு, கூட வந்த பேப்பர்ல ஃப்ரீ பேஸ் எடையை பிரிண்ட் பண்ணி இருந்தாங்க, அதை நம்பி ஸ்டாக் போட்டிருந்தா நினைச்ச அளவைவிட கம்மியா தான் இருந்திருக்கும், கேட்டலாக் நம்பரை வச்சு சர்டிஃபிகேட்டை இறக்கி சரி பாத்து தான் கணக்கு போட்டேன். விக்கறவங்க யாராவது இதை படிச்சா குப்பி லேபிள்லயே எந்த வடிவம், அதோட முழு எடை எவ்ளோன்னு ரெண்டு வரி பிரிண்ட் பண்ணுங்க. டிகேட்1, டிகேட்2 ரெண்டையும் 10 மில்லிமோலார் டிஎம்எஸ்ஓ கரைசலா, சின்ன சின்ன டியூப்ல பிரிச்சு, ஒரே பெட்டியில போட்டு வித்தீங்கன்னா நான் முதல் ஆளா ஆர்டர் போடுவேன்.